பூட்ஸுக்குள் போன பாஸ்போர்ட்

"ஹலோ... ஹலோ! ... ஆமா, நான்தான். மறுபடியும் நான்தான். கர்னல் ப்ராக்கெட்டோட மனைவி, லோரெய்ன். ... காலையில ரெண்டு தடவை கூப்பிட்டதும் நான்தான். ... பின்னால யாரோ சிரிக்கற சத்தம் கேக்குதே? ... ஜெர்மன்ல சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புதாம்மா, எனக்குத் தெரியும்."

ஜெர்மனியிலிருந்த அமெரிக்கப் படைமுகாமின் அந்த வீட்டில் நாற்காலிகூடக் கிடையாது. எல்லாவற்றையும் முந்தாநாள் ராணுவச் சாமான் அலுவலகத்து ஆட்கள் பெட்டி கட்டிக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் கிடந்த டெலிபோனுக்கு முன்னால் கர்னலின் மனைவி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தஸ்துக்குக் குறைவான ஆசனம்தான்; அதை ஈடுகட்டக் குரலை இரண்டு படி ஏற்றிக்கொண்டாள்.

"விஷயம் அதேதான். என் பொண்ணு பாஸ்போர்ட். நாளைக்குக் காலையில அமெரிக்காவுக்கு ஃப்ளைட். உங்க ஆளுங்க சாமானோட சேத்து அதையும் கட்டிட்டாங்க. ... வெளியில எல்லாம் வெக்கலம்மா! கட்டக் கூடாததையெல்லாம் குளியல் தொட்டியில போட்டு, பாத்ரூம் கதவுல 'உள்ளே வராதே'ன்னு பெரிசா எழுதி ஒட்டினேன். பட்டாளத்துல வாக்கப்பட்டவளுக்கு இதுகூடவா தெரியாது? ... என்னோடது தொட்டியிலயேதான் இருக்கு. ... ஆமா, அவளோடது மட்டும்தான் காணோம். ... அது எப்படின்னு என்னைக் கேட்டா? உங்க ஆளுங்களைக் கேளுங்க! இந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியாதா? டெக்சஸ்ல குப்பைத்தொட்டியைக் குப்பையோட காகிதம் சுத்திக் கட்டினாங்க. ஹவாயில திறந்தா மீன் முள்ளு வந்து வரவேத்துச்சு!

"... கிடங்குலதானே இருக்கு? அப்பத் திறங்க. ... முத்திரை போட்டிருந்தா உடைங்க. ... யாரு கையெழுத்து? ... கர்னலோடதா? அவர் போன வாரமே வர்ஜீனியா போயிட்டாரு, இப்ப ஏதோ கூட்டத்துல இருப்பாரு. நான் போடறேன். ... ஏன் செல்லாது? ... என்னது? ஃபாரத்துல என் பேருக்கு நேரா என்னன்னு போட்டிருக்கு? 'சார்ந்திருப்பவர்'. ... நானா? ... எங்க காபி விருந்துக்கு வந்து பாருங்கம்மா, யாரு யாரைச் சார்ந்திருக்காங்கன்னு. நான் கேக் எடுக்கற வரைக்கும் மேஜர் பொண்டாட்டிங்க தட்டைத் தொட மாட்டாங்க!"

அந்தப் பக்கத்தில் கேக்குக்கு மரியாதை இல்லை போலிருந்தது.

"... அப்படியா. கர்னலுங்க வருவாங்க, போவாங்க, நாற்காலி மட்டும் உங்களுதாவே இருக்குமா? ... பேரைச் சொல்லுங்க. ... ஹெல்சர். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க, மேலிடத்துக்கு எழுதறேன். ... இருங்க, இருங்க. பேனாவும் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

"... யாரு? கட்டின ஆளு அங்கயேதான் நிக்கறானா? நல்லதாப் போச்சு. கேளுங்க அவனை! ... ம். ... ம், ம். ... யாரு குடுத்தாங்களாம்? எங்க கோரினா? அவனுக்கு சாக்லேட் கேக் வேற குடுத்தாளா? ... பூட்ஸ். ஆமா, பனிச்சறுக்கு பூட்ஸ், நீலம். ... உள்ள சாக்ஸ் அடைச்சு... அவளே கையில குடுத்து... 'மொதப் பெட்டியில, அடி ஆழத்துல வைங்க'ன்னாளா? ... உள்ள ஏதோ விறைப்பா இருந்துச்சாமா. ... ஓ."

லோரெய்ன் மெதுவாகத் திரும்பினாள். பதினேழு வயது கோரின் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குப் பனிச்சறுக்கு அறவே பிடிக்காது என்பது தாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒரு நிமிஷம், வெச்சுடாதீங்க. ... அடியேய்! நீயா பண்ணினே? ... கூசாம 'ஆமா'ங்கறே! அப்பாவுக்கு எவ்வளவு பெரிய பதவி வந்திருக்கு, முகாமே வயிறெரியுது, நீ என்னடான்னா பாஸ்போர்ட்டை பூட்ஸுக்குள்ள... ... ஏழாவது ஸ்கூல்னா? எண்ணிக்கிட்டா இருக்கே? நானும்தான் ஏழு சமையலறை மாறிட்டேன். அழுதேனா? ... எப்ப? ... அது வெங்காயம்.

"... அஞ்சு மாசம்தானே, அஞ்சு மாசம்தானேன்னா? ஜூன்ல ஸ்கூல் முடியற வரைக்கும் எங்க தங்குவே? ... டில்மன் வீட்டுலயா! சார்ஜென்ட் வீட்டுல கர்னல் பொண்ணு! வெளிய தெரிஞ்சா நான் தலை காட்ட முடியுமா? ... ஆமா, நாளைக்கு ஊரைவிட்டே போறேன்தான். இருந்தாலும்! ... அந்தம்மா சரின்னுட்டாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம? ... கேக்க வந்தாளா? ... நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேனா. ... இருக்கும். அவ கேக்க வந்தான்னு எனக்கென்ன தெரியும்?

"ஹலோ! ஹெல்சரம்மா! வேற வழி இருந்தாச் சொல்லுங்க. ... ஃப்ராங்க்ஃபர்ட்ல, தூதரக அலுவலகத்துல. தற்காலிகப் பாஸ்போர்ட். இதைச் சொல்ல இவ்வளவு நேரமா! ... யாரு கையெழுத்து? ... பதினேழு வயசுன்னா அவளே நேர்ல வந்து அவளே போடணுமா. ... நான் போட்டா? ... தெரியும், தெரியும், நான் சார்ந்திருப்பவர்! ... கோரின், கிளம்பு. ... என்ன 'மாட்டேன்'? ... கார்ல வருவே, கையெழுத்துப் போட மாட்டியா? ... மாட்டேன்னா என்னடி அர்த்தம்! ... ஹலோ, இப்ப நீங்க சிரிச்சீங்க! சிரிச்சீங்க, கேட்டுச்சு! இந்தாங்க, நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்க ஆபீஸையே இழுத்து மூடிடுவாங்க. ஜெனரலே எங்க வீட்டு மேஜையில உக்காந்து சாப்பிட்டவரு. ... எந்த மேஜையா? உங்க கிடங்குல கிடக்குதே, அந்த மேஜை! எங்க வரிப்பணத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு என்னைப் பாத்து... ஹலோ? ... ஹலோ?"

டொக். அப்புறம் 'தூ... தூ...'.

கர்னலின் மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது இதுவரை யாரும் போனை வைத்ததில்லை. காலி அறையில் அந்தச் சத்தம் நிலைப்படிவரை தெளிவாகக் கேட்டது. கோரின் கேட்டுவிட்டாள் என்பதும் லோரெய்னுக்குத் தெரிந்தது. ஆனால் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டால், தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணிதான் மிச்சம்; எடுக்காமலே பேசினாள்.

"... ம், சொல்லுங்க. ... யாரு, மேலதிகாரியா? வணக்கம் சார். ... பரவாயில்ல சார், அந்தம்மாவை நான் மன்னிச்சுட்டேன். ... திறந்துடுவீங்களா? இப்பவேவா?"

கோரின் நடந்து வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தணிந்த குரலில் ஏதோ கேட்டாள்.

"இருடி, பேசிக்கிட்டிருக்கேன்ல. ... என்ன கேக்கணும்? ... இவர்கிட்டயா? ... இதெல்லாம் இவரா முடிவு பண்றது? ... சும்மா கேட்டுப் பாக்கறதா?"

தூ... தூ...

"... சார், ஒரு சின்ன விஷயம். எம்பொண்ணு... ஆமா சார், ஒரே பொண்ணு. ஜூன் வரைக்கும் இங்கயே இருந்து படிப்பை முடிச்சுட்டு வர்றேங்கறா. ... இல்ல சார், தனியா இல்ல, டில்மன்னு ஒரு குடும்பம். ... நல்லவங்கதான் சார். நான்தான் சரியாப் பேசினதில்ல. ... கர்னல் குதிப்பாரே சார். ... உங்க உத்தரவுன்னு சொல்லிடவா?"

மகள் 'சரி' என்று லேசாகத் தலையாட்டினாள். லோரெய்ன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"... சரிங்க சார். மேலிடமே சொன்னப்புறம் நான் என்ன பண்ண முடியும்? பட்டாளத்துக் குடும்பம் சார், கீழ்ப்படிஞ்சுதான் பழக்கம். ... சரிங்க. ... வெச்சுடறேன்."