அது படுக்கையறைதானா?

— நான் கொண்டாந்த பிளம்ஸ் கேக்கை வாங்கி உள்ள வச்சிட்டீங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வேலிக்கு நேரா உங்க மாடியில ஒரு ஜன்னல் இருக்கே, அந்த ரூம் படுக்கையறையா இல்லையா, அஸ்முசன் சார்?

— படுக்கையறைதான் கோன்கேம்மா.

— ஒரு வருஷமா அங்க விளக்கு எரிஞ்சு நான் பாக்கல.

— விளக்கப் போட்டுக்கிட்டா தூங்குவாங்க? என் ஜன்னலப் பாக்குறதுதான் உங்களுக்கு வேலையா?

— பாக்காம? சிம்னி சோதிக்க வந்தவன் வீட்டச் சூடாக்குற எங்க பழைய கேஸ் பாய்லரப் பாத்துட்டு, இத இனிமே பத்த வைக்கவே கூடாதுன்னு மூடிட்டுப் போயிட்டான். குளிர் வந்தாச்சு. எங்க வீட்டு மனுஷன் ஹின்னர்க் ரெண்டு ஸ்வெட்டரு, தலையில தொப்பி, மீன் பிடிக்கக் கடலுக்குப் போற மாதிரி சோபாவுல உக்காந்திருக்கு. சும்மா சொல்லல, நேத்து வெண்ணெய் ரொட்டியில தடவ வரல, கல்லு!

— பாய்லருக்குப் பதிலா ஹீட் பம்ப் மாட்டுங்க. நான் வேணாம்னா சொன்னேன்?

— மாட்டத்தான் ஓல்டன்பர்க்லேருந்து ஆள் வந்து உக்காந்திருக்கான். வெளிய வைக்கிற பெட்டி இருக்குல்ல, விசிறி ஓடுற பெட்டி, அத நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சந்துல வைக்கலாம்னான். அப்புறம் கணக்குப் போட்டான். உங்க ஜன்னலத் திறந்து வச்சா, அதுக்கு அரை மீட்டர் வெளிய ராத்திரியில எவ்வளவு சத்தம் வரும்னு. மூணு டெசிபல் கூட வருதாம்.

— ராத்திரிக்கு நம்ம தெருவுல முப்பத்தஞ்சு தாண்டக் கூடாது. விதி அது.

— உங்களுக்கா தெரியாது! ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுன்னு, நாலு காலி பாட்டிலத் தெருத் தொட்டியில போட்டதுக்கே நகராட்சிக்கு எழுதிப் போட்ட ஆளாச்சே.

— நாலு இல்ல, ஏழு. அதுவும் ஒவ்வொண்ணா போட்டீங்க.

— மொத்தமாக் கொட்டியிருந்தா சும்மா விட்டிருப்பீங்களாக்கும்.

— சத்தம் கம்மியான மெஷின் இருக்குமே, அத வாங்க வேண்டியதுதானே.

— அது பிப்ரவரியிலதான் வருமாம். இது அடுத்த வாரமே வந்துரும். பிப்ரவரி வரைக்கும் நாங்க உயிரோட இருக்கணுமில்ல?

— வாசப்பக்கம் வைங்க. அங்க தெருதான் இருக்கு, யாருக்கும் தொந்தரவில்ல.

— அங்க எங்க படுக்கையறை ஜன்னல் இருக்கு சார்! சொந்த ஜன்னலுக்கு விதியே கிடையாதாம். எவ்வளவு இரைஞ்சாலும் நம்ம தலையெழுத்தாம். ஹின்னர்க்குக்குப் பனி கொட்டினாலும் ஜன்னலத் திறந்து வச்சாத்தான் தூக்கமே வரும். காதுக்குள்ள விசிறிய ஓட விட்டுட்டு எப்படித் தூங்குறது? முடியவே முடியாது.

— அப்ப என் ஜன்னலுக்குக் கீழ மட்டும் ஓடலாம்.

— உங்க ஜன்னலுக்குப் பின்னாடி யாருமே தூங்கலையே! அதான் விஷயமே. சாமான் ரூம்னு இருந்தா அந்த ஜன்னல் கணக்குலயே வராதாம். கீழ சோபாவுலதான் நீங்க படுக்குறீங்க. தினம் காலையில போர்வைய வாசல்ல நின்னு உதறுறீங்க, தெருவே பாக்குது.

— போர்வ உதறக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல.

— சிரிப்பு வருதுல்ல உங்களுக்கே? ஆளே இல்லாத ரூம். ஆனா சாயங்காலமானா ஜன்னல் மட்டும் திறந்துக்குது. வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போகுது. எனக்கு விதி சொல்ற மனுஷன் இதுக்கு என்ன சொல்றீங்க?

— அவ அப்படித்தான் தூங்குவா.

— யாரு, மார்லிஸா?

— உங்க வீட்டுக்காரர் மாதிரிதான். ஜனவரியில கூட திறந்து வைக்கணும். நான் எந்திரிச்சு மூடுவேன், அவ எந்திரிச்சுத் திறப்பா. கல்யாணமான நாள்லேருந்து இதே சண்டைதான். இப்ப நானே திறந்து வைக்கிறேன்.

— போன வாரம்தான் முதியோர் இல்லத்துல போய் அவங்களப் பாத்துட்டு வந்தேன். என்னைப் பாத்து, நீங்க யாருன்னாங்க.

— என்னையும் அதத்தான் கேக்குறா. ஆனா கிளம்பும்போது ஒண்ணு கேப்பா. மேல ஜன்னல் திறந்திருக்கான்னு. தினமும் கேப்பா.

— நீங்க என்ன சொல்லுவீங்க?

— திறந்திருக்குன்னு சொல்லுவேன். அப்படிச் சொல்லணும்னா திறந்திருக்கணுமில்ல? நான் பொய் சொல்ற ஆளா?

— இல்ல சார். அதுக்கு நானே சாட்சி.

— சரி விடுங்க. சாமான் ரூம்னு எழுதச் சொல்லுங்க.

— என்ன சார் சொல்றீங்க?

— இனிமே வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெத்தை கிடக்கு, ஆள் இல்ல. விதிப்படி பாத்தா நீங்க சொல்றதுதான் சரி. நீங்க ஏன் குளிர்ல கிடக்கணும்? எங்க கையெழுத்துப் போடணும்?

— இருங்க, இருங்க. ஏய் ஹின்னர்க்! தலைய வெளிய நீட்டு! அந்த ஹீட்டிங் ஆள் போயிட்டானா?

— இங்கதான் இருக்கான், காப்பி குடிச்சுக்கிட்டு! என்ன சொல்றாரு கிழவரு, சாமான் ரூம்தானே?

— மெதுவாப் பேசு, இங்கதான் நிக்கிறாரு. மெஷின வாசப்பக்கமே வைக்கச் சொல்லு. நம்ம ஜன்னலுக்குக் கீழ.

— உனக்குப் பைத்தியமா? நான் எப்படித் தூங்குறது?

— உன் குறட்டைக்குப் பக்கத்துல நான் தூங்கல? அத எந்த நகராட்சி வந்து அளந்துச்சு? சொல்றதச் செய்.

— சரி, சரி! எதிர் ஜன்னல என்னன்னு எழுதட்டும்னு கேக்குறான்!

— படுக்கையறைன்னு எழுதச் சொல்லு. ஆள் வெளிய போயிருக்காங்க, அவ்வளவுதான்.