சாவியில் இருந்த ஸ்பிரிங்

நான் வேலையில் சுத்தம், மேடம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் லேத்தில் நேற்றைய இரும்புச் சுருள் ஒன்றுகூடக் கிடக்காது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மூட்டை தூக்கிய அப்பாவின் முதுகில் ஏறித்தான் படித்தேன். போர்மேன் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ‘பட்டதாரி’ என்பார், நாயைக் கூப்பிடுகிற தொனியில்.

இரும்புத் தண்டை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் இறுக்குவேன். தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வெட்டும் டூலை மையத்துக்கு நேராக வைப்பேன். அதற்குள் விலாவில் முழங்கை இடிக்கும்.

“தள்ளு பட்டதாரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா.”

சுவிட்சைத் தட்டுவார். முகப்பைச் சீவி, கடைந்து, எடுத்துக்கொண்டு போவார். மேனேஜரிடம், “அவளுக்கு இன்னும் கை வரல சார்” என்பார். இப்படியே இரண்டு முறை என் நிரந்தர வேலை கைநழுவியது. செவ்வாய்க்கிழமை கடைசித் தேர்வு.

சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டு மெஷினை ஓட்டினால் தோட்டா மாதிரி பறக்கும். அதனால்தான் சாவியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். கையை எடுத்தால் தானே வெளியே வந்து விழும். என் சாவியின் ஸ்பிரிங்கில் அழுக்கு அடைந்திருந்தது. திங்கட்கிழமை கழற்றினேன். துடைக்கத்தான்.

செவ்வாய் காலை தண்டை இறுக்கினேன். சாவி சக்கிலேயே நின்றது. வேகத்தை உச்சத்தில் வைத்தேன். சன்னமான தண்டுக்கு அதுதான் கணக்கு, புத்தகத்திலேயே இருக்கிறது. போர்மேன் வந்தார். சக்கைப் பார்க்கவில்லை. ஆறு மாதமாக என் முகத்தையே பார்க்காதவர் அதையா பார்ப்பார்? சுவிட்சைத் தட்டியது அவர் கை. சாவி நெற்றியில் இறங்கியது.

பிணவறை வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்காருக்கா?” என்றேன்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். கோபம் இருந்தால் கை நடுங்கும். ஒத்திவைத்த தேர்வில், புதன்கிழமை பக்கத்து லேத்தில் தண்டைக் கடைந்து கொடுத்தேன். அளவு நூலிழை பிசகவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது.

என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அந்த ஸ்பிரிங்கை எடுத்தீர்களே, பாருங்கள், துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அவர் ‘தள்ளு’ என்று சொல்வதற்கு முன்பே நான் தள்ளி நின்றது அன்றைக்கு மட்டும்தான்.