தலை தெரியாத பிராணி

ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில், முன் சீட்டில் நெசவுக்கார அம்மா ஒருத்தர் மடியில் டிசைன் பேப்பரை விரித்துவைத்து, அதிலிருந்த பிராணியின் படத்தைக் காட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"இதுக்குத் தலை எதுன்னு உலகத்துல யாருக்கும் தெரியாதாம். கல்யாணப் பொடவையில இதத்தான் போடணுமாம்."

"இன்னாக்கா இது, மீனா?"

"மீனும் இல்லயாம், புழுவும் இல்லயாம். எலும்பே கெடயாது. எப்பவோ ஆத்துத் தண்ணில வாழ்ந்து அழிஞ்சிபோச்சாம். கல்லுல அச்சு மட்டும் கீதாம். கல்யாணப் பொண்ணு அதத்தான் ஆராய்ச்சி பண்ணிகினு கீது."

"அழிஞ்சதயா கல்யாணத்துக்கு?"

"அது அவங்க இஷ்டம். தலை தெரியலன்னா நான் எப்படி நெய்யறது? பக்கம் மாறிப்போனா, தோள்ல போடறப்ப முந்தானைல தலைகீழா தொங்கும். ஊரே சிரிக்கும்."

"பொண்ணயே கேக்கறதுதான?"

"கேட்டேன். படிச்சவங்களே இன்னும் சண்டை போட்டுகினு கீறாங்களாம்."

"அப்புறம்?"

"அவங்க சண்டை முடியறவரைக்கும் தறி சும்மா நிக்குமா? அகலமா கீற பக்கம்தான் தலைன்னு வெச்சேன். செவப்புப் பட்டுல ஒரு கண்ணும் நெய்துட்டேன்."

"அதுக்குக் கண்ணு இருந்துச்சாமா?"

அந்த அம்மா பேப்பரை மடித்துப் பையில் வைத்தார்.

"இப்ப கீது."