பார்ஸ்னிப்புக்கு ஐஸ் கட்டி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அருகருகே இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுக்காரர் செடிக்கு ஐஸ் கட்டி வைக்கிறாருங்க," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"எந்தச் செடிக்கு?"

"பார்ஸ்னிப். வெள்ளை கேரட் மாதிரி, குளிர் ஊர்க் கிழங்கு. லண்டன்லேருந்து பொண்ணு விதை அனுப்பினா. நம்ம வெயில்ல எங்க வரும்? மனுஷனுக்குச் சோறே இறங்கல. பாவமேன்னு மார்க்கெட் முள்ளங்கிய வாங்கித் தொட்டியில புதைச்சுட்டேன். பிடுங்கித் தெருவுக்கே காட்டிட்டாரு!"

"இப்படியா ஏமாத்துவீங்க? எங்க மாடியில நான் போட்ட கேரட் நிஜமாவே வந்துச்சு. எங்க வீட்டுக்காரரே கூப்பிட்டுப் பிடுங்கச் சொன்னாரு."

"இலை இருந்துச்சா?"

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

"இல்லீங்க. மண்ணுகூட ஒட்டாம, கழுவி வச்சாப்ல இருந்துச்சு."