ஏழாவது வீடு

யுத்த காலத்தில் ஒருநாள், கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் பூனைக்கூடை.

“பூனைக்கு வீடு கிடைச்சிட்டுது. எனக்குத்தான் இன்னும் இல்லை.”

“என்னெண்டு கிடைச்சது?”

“பூனைக் காப்பகத்திலை படம் எடுத்து எங்கட இன்டர்நெட் குறூப்பிலை போட்டனான். ரெண்டே நாளிலை கொள்ளுப்பிட்டியிலை ஒருத்தர் கேட்டார்.”

“உன்ரை அறை?”

“ஆறு வீடு பாத்தாச்சு. அடையாள அட்டையிலை யாழ்ப்பாணம் எண்டு கண்டவுடனை கதவைச் சாத்தினம். எங்கட ஆக்களை வைச்சிருந்தா பொலிஸிலை பதியவேணுமாம், அதுக்கு ஆர் அலையிறதாம்.”

“பூனை எங்கை பிறந்ததெண்டு கேட்டவரோ?”

“இல்லை. கடிக்குமோ எண்டு மட்டும் கேட்டவர்.”

கொள்ளுப்பிட்டி வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“இதைக் குடுத்திட்டு ஏழாவது வீட்டுக்குப் போறன். நானும் கடிக்கமாட்டன் எண்டு முதலே சொல்லப்போறன்.”