உப்பளத்தில் கேட்ட கைதட்டல்

பாண்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு பெண் கணவனின் செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டு வந்தாள். மரக்காணம் நெருங்கியது. பொழுது சாயும் நேரம். இருபுறமும் ஆளில்லாத உப்பளம்.

“கல்யாணமாகி சென்னைக்கு வர்ற வரைக்கும் கிரிக்கெட்டே தெரியாது. இப்ப நம்ம டீம் தோத்தா சோறு எறங்க மாட்டேங்குது” என்றாள் என்னிடம் திரும்பி. “ஐ, சிக்ஸர்!”

“இன்னும் பாலே போடலியே?” என்றான் கணவன்.

அதற்குப் பிறகுதான் போனில் பந்து பறந்தது.

“வெளில கைதட்றாங்களே, கேக்கலியா?”

“டிவில முன்னாடியே வந்துடும். போன்ல லேட்டு.”

“உப்பளத்துல ஏதுங்க டிவி? ஒரு வீடுகூட இல்லியே.”

அவன் வெளியே பார்க்கவில்லை. “கடைசி பால். ஒரு ரன்னு போதும், நம்மதான்.”

அவள் ஜன்னலை இழுத்து மூடினாள்.

“ஆஃப் பண்ணிடுங்க. எல்லாரும் அழுறாங்க.”

போனில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்கினார்.