ஐஸ் பெட்டியில் வைத்த ஃபஸ் பெடல்

ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. அதிலும் ஈப்போ வெயில் சுத்தமாக ஆகாது. அதனால்தான் தர்மா தன் பழைய ஃபஸ் பெடலை மேடை ஏறும்வரை ஐஸ் பெட்டியில், குளிர்பானப் போத்தல்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பான். காலால் அழுத்தினால் கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கித் தரும் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஜெர்மேனியம் சூடானால் ஓசை சோர்ந்துவிடுமாம்.

என்னுடையது இணையத்தில் வாங்கிய மலிவுச் சரக்கு. வெயிலோ மழையோ, அதற்கு ஒரு கவலையும் கிடையாது. எங்கள் இசைக்குழுவில் தர்மா முதல் கிட்டார், நான் இரண்டாவது. சுங்கை சிப்புட் கோயில் திருவிழாக்களில் அந்த வரிசை மாறியதே இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

ஒருநாள் ஒத்திகையில் இரண்டு பெடலையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லோரையும் திரும்பி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்தேன். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தர்மா மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பிறகு அவன் வாசிக்க, நான் திரும்பி உட்கார்ந்தேன். சொன்னதெல்லாம் தப்பு.

"உன் காது தகரம்லா மச்சான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில நாளில் பேட்டரி வயர் அறுந்துவிட்டதென்று பெடலை என்னிடம் கொடுத்தான். குழுவில் எனக்குத்தான் பற்றவைக்கத் தெரியும். உள்ளே ஓசையை உண்டாக்கும் மின்சுற்றுத் தகட்டைக் கழற்றி என் பெட்டிக்குள் வைத்தேன், என்னுடையதை அவன் பெட்டிக்குள் வைத்தேன். கண்டுபிடிக்கிறானா என்று பார்க்கத்தான்.

கண்டுபிடித்துவிட்டான். "என்னமோ மாறிப்போச்சு மச்சான். உன் பெட்டியிலதான் என் சத்தம் வருது."

"வயர் மட்டும்தான் மாத்துனேன். அப்படியேதான் இருக்குலா."

மற்றவர்களும் அதையே சொல்லி அவனைப் பாவமாகப் பார்த்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் கேட்டது. என்னைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. ஐஸைத்தான் கூட்டிக் கூட்டிப் போட்டான், பாவம்.

கடைசியில் தன் காதையே சந்தேகப்பட்டான். காது டாக்டரிடம் அவனை நானே கூட்டிப்போனேன். ஒரு குறையும் இல்லை என்றார். திரும்பும் வழியில், "அந்த மெஷினுக்குப் பீப் சத்தம்தான் தெரியும். நம்ம சங்கதி அதுக்கு எங்க தெரியப்போவுது?" என்றேன். டாக்டரைவிட என்னை நம்பினான்.

தர்மா லாரி ஓட்டுகிறவன். ஹார்ன் கேட்காமல் யார் பிள்ளையையாவது அடித்துவிடுவோமோ என்று பயந்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது அவன் மனைவி புனிதா கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். வீட்டில் அவன் பேசுவதே இல்லையாம்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு. கிட்டாரத் தொடச் சொல்லுங்கண்ணே," என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

போன ஞாயிறு அவனே வந்தான். ஈரம் துடைத்த தன் பெடலை என் கையில் வைத்தான்.

"காது உள்ளவன்கிட்ட இருக்கட்டும். நீயே வச்சுக்க மச்சான்."

இரண்டும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. காலையிலிருந்து மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்திருந்த ஒரே காதை நான்தான் செவிடாக்கினேன்.

அவனிடம் சொல்லத்தான் போகிறேன். திருவிழா முடியட்டும். இப்போது முதல் கிட்டார் நான், இந்த நேரத்தில் மனம் குழம்பினால் கச்சேரி கெட்டுப்போகும். மேடைக்கு ஐஸ் பெட்டி தூக்கிவர தர்மா ஒத்துக்கொண்டிருக்கிறான்.